வேறு உலகத்தில் மாட்டிவிடும் முன் ஊரைக் கட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கதை விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றி ஒரு தமிழ்ப் பத்திரிகை அரைப் பக்கம் ஒதுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை, அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஆட்டம் நடத்துபவர்களுக்கான யோசனைகள் என்று தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்களே, அதில் ஒன்றைப் பார்த்ததிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆட்டக்காரர்கள் சலித்துப்போனால் அவர்களுடைய கேரக்டர்களைத் தூக்கி வேறொரு உலகத்தில் போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள், தப்பிக்க வழியில்லை என்று தெரிந்தால் விறுவிறுப்பு தானாக வந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். வராது. சலித்துப்போன ஆட்கள் அங்கேயும் போய்ச் சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரை நெடுக இதைக் கணினி விளையாட்டு என்றே குறிப்பிட்டிருக்கிறீர்கள். கணினியிலும் வந்திருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் மூல விளையாட்டுக்குத் திரையே கிடையாது. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் கொண்டுவந்தது. நாலைந்து பேர், தாள், பென்சில், பல பக்கமுள்ள பகடைகள், அவ்வளவுதான் தேவை. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள், வெட்டு விழுந்ததா தப்பித்தார்களா என்பதைப் பகடை சொல்லும். காரைக்குடியில் எங்கள் கூட்டம் ஒன்று சில வருஷமாக இதை விளையாடுகிறது, நான்தான் டிஎம். நண்பர் ஒருவரின் குடும்பத்துக்குக் கானாடுகாத்தானில் பெரிய வீடு, பங்காளிகள் எல்லாரும் வெளியூர், கல்யாணம் காரியம் என்றால்தான் முழுசாகத் திறப்பார்கள். மற்ற நாளில் அந்த வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், பாயை விரித்து உட்கார்ந்துவிட்டால் ராத்திரி வரை கேட்பாரில்லை.

இந்த விளையாட்டில் மனிதர் வாழும் உலகம் ஒன்று, அதற்கு வெளியே வேறு உலகங்கள் நிறைய. தரையே நெருப்பாக இருக்கும் உலகம், ஒன்பது அடுக்கு நரகம், பசியும் மூப்பும் இல்லாத ஆஸ்ட்ரல் வெளி, மாயக்காடாகிய ஃபேவைல்ட் என்று பட்டியல் போகும். 1987-லேயே இந்த உலகங்களுக்கென்று தனிக் கையேடு போட்டுவிட்டார்கள். 1994-ல் பிளேன்ஸ்கேப் என்று ஒரு தொகுதி வந்தது, அதில் சிகில் என்றொரு நகரம், எந்த வாசலும் எந்த உலகத்துக்கும் திறக்கக்கூடிய ஊர். ஆகவே கேரக்டர்களை அந்நிய உலகத்தில் மாட்டிவிடுவது புது உத்தி ஒன்றுமில்லை, டிஎம்கள் காலம் காலமாகச் செய்துவருவதுதான். நானும் செய்திருக்கிறேன், இன்னும் செய்வேன். என் சண்டை எல்லாம் அதை எப்போது செய்வது என்பதில்தான்.

என் சித்தி மகன் சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தபோது அங்கே ஒரு கூட்டம் இதை விளையாடியது. மூன்றாம் லெவல் கேரக்டர்களை, அதாவது இன்னும் கற்றுக்குட்டிகளை, விளையாட்டு ஆரம்பித்த சூடு ஆறுவதற்குள், டிஎம் தூக்கி அவெர்னஸில் போட்டுவிட்டான். அவெர்னஸ் என்பது ஒன்பது நரகங்களில் முதல் அடுக்கு. ஆகாயம் சிவப்பு, தரையெல்லாம் எலும்பு, திரும்ப வழி கிடையாது, பையன் நன்றாகத்தான் வர்ணித்திருக்கிறான். ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த சண்டை எங்கே என்று கேட்டார்கள். அங்கே குட்டிச்சாத்தானை அடித்தார்கள், இங்கே குட்டிப் பிசாசை அடிக்கிறார்கள். ஊருக்குப் போகணும் என்று ஒருத்தன்கூடச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வான்? நாலு கேரக்டரில் மூன்று பேர் அநாதை, நாலாவது ஆளின் கிராமத்தைக் கொள்ளைக்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். புதிதாக விளையாட வருகிற எல்லாரும் இப்படித்தான் கேரக்டர் செய்வார்கள், அப்பா அம்மா செத்தாச்சு, வீடு எரிந்தாச்சு, ஆளுக்கு ஒரு வாள் மட்டும் மிச்சம். அப்படிப்பட்டவனை எந்த உலகத்தில் கொண்டுபோய்த் தொலைத்தால் என்ன, அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். அந்த ஆட்டம் அப்படியே நின்றுபோனது.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டி வட்டித் தொழில் பார்க்க, போனவர்களின் ஊர் இது. ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு என்று கப்பலேறி, மூன்று வருஷக் கணக்குக்குப் போன ஆள் கணக்கை ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்புவார். பெட்டியடியில், அதாவது அங்கிருந்த வட்டிக் கடையில், உட்கார்ந்து வட்டி எழுதுகிற கை ஒன்று, ஊரில் கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுக்குத் தேக்கு எத்தனை வேண்டும் என்று யோசிக்கிற மனசு ஒன்று. ஆள் அக்கரையில் இருந்தாலும் இங்கே கோயிலில் அவருடைய புள்ளி, அதாவது குடும்பக் கணக்கு, இருக்கும், அந்தப் புள்ளிக்கு உரிய பணத்தைக் கட்டித்தான் ஆகணும். வீட்டில் கூடப் பிறந்தவர்களுக்குள் அறை பிரித்தாயிற்று, அவர் அறை பூட்டியிருக்கும், சாவி ஆச்சியின் இடுப்பில். அந்த ஆள் ரங்கூனில் ஒரு மழைக்கால ராத்திரி தனியாக உட்கார்ந்திருந்தார் என்றால் அதில் ஒரு கதை இருக்கிறது, காரணம் கடல் பெரிது என்பதல்ல, இந்தப் பக்கம் இத்தனையும் இருக்கிறது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்து, அடுத்த வருஷம் ஊரே ஜப்பான்காரன் கைக்குப் போய், இலட்சக்கணக்கான ஜனங்கள் காடும் மலையும் நடந்தே இந்தியப் பக்கம் வந்தார்கள், வழியிலேயே உயிரை விட்டவர்கள் எத்தனையோ. அதை விளையாட்டோடு ஒப்பிட நான் வரவில்லை. எதற்காக நடந்தார்கள் என்பதை மட்டும் டிஎம்கள் யோசிக்கலாம்.

அதனால் எங்கள் ஆட்டத்தில் யாரையும் அந்நிய உலகத்துக்கு அனுப்பும் முன் நான் பல மாதம் ஊரைத்தான் கட்டினேன். சண்டை குறைவு, கணக்கு வழக்கு அதிகம். ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் கணக்கெழுதும் அக்கா ஒருவர் எங்களோடு விளையாடுகிறார், அவர் கேரக்டர் தொழிலில் திருடி, ஆனால் வெளியே நெல் மண்டி வைத்திருக்கிறாள். அந்த மண்டிக்கு ஒரு கணக்குப்பிள்ளையைக் கொடுத்தேன், உருப்படாத ஒரு தம்பியையும் கொடுத்தேன். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அவருடைய குள்ள இனத்து வீரனுக்கு ஒரு மகள், அவளுக்குப் பேசி முடித்த கல்யாணம். பாலிடெக்னிக் படிக்கிற தம்பியின் ரேஞ்சருக்கு (காடு மலை தெரிந்த வீரன்) எல்லைத் தகராறில் கிடக்கும் ஒரு தோப்பு. பூசாரிக்கு (விளையாட்டில் கிளெரிக் என்பதை நாங்கள் பூசாரி என்றுதான் சொல்வோம்) பாதி கட்டி நிற்கும் ஒரு கோயில். இதெல்லாம் எதற்கு அண்ணே, எப்ப டிராகன் வரும் என்று பாலிடெக்னிக் தம்பி நச்சரித்துக்கொண்டே இருந்தான். வரும்டா, இரு என்றேன்.

மாட்டிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது அக்காவின் உபயம். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் அச்சு வைத்துக் கையால் வண்ணம் ஊற்றித்தான் செய்வார்கள், அதனால் ஒன்று போல் ஒன்று சரியாக இருக்காது, கொஞ்சம் பிசகியதைப் பட்டறையில் ஒதுக்கிப் போடுவார்கள். அப்படி ஒதுக்கிய கற்களில் கொஞ்சம் கேட்டு வாங்கி வரச் சொல்லி, ஒரு பாழடைந்த மாளிகையின் முற்றம் என்று பாயின் மேல் வரிசையாகப் பரப்பினேன், பூவும் கொடியும் ஒன்றோடொன்று சேர்கிற மாதிரி. ஒரே ஒரு கல்லை மட்டும் திருப்பி வைத்தேன், அதில் கொடி எங்கேயும் போய்ச் சேராமல் நின்றது. எல்லாரும் சுவரிலும் தூணிலும் பொறி தேடிக்கொண்டிருக்க, பாலிடெக்னிக் தம்பி தன் கேரக்டரின் பொம்மையை எடுத்து நேராக அந்தக் கல்லின் மேல் வைத்தான். மற்றவர்கள் அவனைப் பிடித்து இழுக்கப் போய் மொத்தப் பேரும் உள்ளே. அந்தக் கல்தான் ஃபேவைல்டுக்கு வாசல், அந்த உலகத்துக்கு எங்கள் கூட்டத்தில் யட்சக்காடு என்று பெயர்.

அங்கே போனபின் என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் உங்கள் கட்டுரைக்காரர் கோட்டைவிட்டார். அந்நிய உலகத்தை எவ்வளவு பயங்கரமாக ஆக்கலாம் என்றே எல்லாரும் யோசிக்கிறார்கள். ஊரில் நாள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம், ஓடுவது அவர்களுக்குத் தெரியவும் வேண்டும். இதற்கு விதிப் புத்தகத்திலேயே சாமான் இருக்கிறது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் டிஎம் கையேட்டில் ஃபேவைல்டுக்கென்று ஒரு கால அட்டவணை உண்டு, விருப்பமிருந்தால் வைத்துக்கொள்ளலாம். இருபது பக்கப் பகடையை உருட்டணும். 7 முதல் 13 வரை விழுந்தால் மாற்றமில்லை. 14 முதல் 17 என்றால் அங்கே ஒரு நாள் இங்கே ஒரு வாரம், 18, 19 என்றால் மாதம், 20 விழுந்தால் ஒரு நாளுக்கு ஒரு வருஷம். திரும்பி வரும்போது உருட்டச் சொல்லியிருக்கிறார்கள், நான் போனவுடனேயே உருட்டிவிட்டேன், யாருக்கும் காட்டவில்லை. 15 விழுந்திருந்தது.

அப்புறம் செண்டிங் என்ற மந்திரம். மூன்றாம் படி மந்திரம்தான் (மந்திரத்தின் பலத்தைப் படி என்று எண்ணுவோம்), பெரிய விஷயமில்லை, தெரிந்த ஒருவருக்கு 25 வார்த்தைக்குள் செய்தி அனுப்பலாம், அவர் உடனே பதில் சொல்லலாம். வேறு உலகத்தில் இருப்பவருக்கும் போகும், என்ன, 5 சதவீதம் போய்ச் சேராமலும் போகலாம், அதாவது இருபது பக்கப் பகடையில் 1 விழுந்தால் செய்தி காற்றோடு போயிற்று. பூசாரிக்கு இந்த மந்திரம் உண்டு. அக்கா தன் கணக்குப்பிள்ளைக்குச் செய்தி சொல்லணும் என்றார். விரல் விட்டு எண்ணிக்கொண்டே சொன்னார்: “நான் உயிரோடு இருக்கிறேன். கிட்டங்கிச் சாவி உத்தரத்தில். நெல் விலை ஏறினால் விற்காதே. தம்பிக்குக் கடன் கொடுக்காதே. ஐந்தொகை முடித்துவிட்டாயா? எனக்காகக் காத்திருக்காதே, கடையைத் திற.” (கிட்டங்கி எங்கள் பக்கம் கிடங்கு, ஐந்தொகை வரவு செலவு முடிக்கும் கணக்கு.) இன்னும் ஆறு வார்த்தை இருக்கிறதே என்று வாத்தியார் எடுத்துக் கொடுத்தார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “நம்ம மாட்டுக்கு வைக்கோல் வாங்கிப் போட மறந்துவிடாதே” என்று முடித்தார். பகடை உருண்டது, போய்ச் சேர்ந்தது. கணக்குப்பிள்ளையாக நான் பதில் சொன்னேன்: “ஆச்சி, நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நெல் விற்றாகிவிட்டது. தம்பிதான் இப்போது கடையில் உட்காருகிறார்.”

அவர்கள் கணக்குக்கு அங்கே போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பட்டாலையில் ஒரே கூச்சல். மூன்று மாதம் என்றால் என் மகள் கல்யாணம்? என்று வாத்தியார் எழுந்தே நின்றுவிட்டார். உட்காருங்க சார், விளையாட்டுத்தான் என்று சொல்லும்படி ஆகிவிட்டது. அதுவரை யட்சக்காட்டில் வேடிக்கை பார்த்துக்கொண்டு திரிந்தவர்கள் அதற்குப்பின் கண்ணில் பட்ட யட்சனையெல்லாம் பிடித்து வழி கேட்க ஆரம்பித்தார்கள். நான் ஒரு பூதத்தையும் கூடுதலாக அனுப்பவில்லை, ஒரு கதவையும் சாத்தவில்லை.

சாப்பாட்டுப் பிரச்சினையை வைத்து விறுவிறுப்பு கூட்டலாம் என்றும் உங்கள் யோசனைக் கட்டத்தில் இருந்தது. அதெல்லாம் நடக்கிற காரியமில்லை. ரேஞ்சரிடம் குட்பெர்ரி என்று முதல் படி மந்திரம் இருந்தால் பத்துப் பழம் வரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதும். கையில் சோறு இருந்தும் மாட்டிக்கொண்டவன் படும் பாடு என்ன என்று பார்க்க வேண்டுமானால் மணிமேகலையில் ஆபுத்திரனைப் பாருங்கள். சாவகத்துக்குக் கப்பலேறிப் போனவன் மணிபல்லவத்தில் இறங்கினான், அவன் இறங்கியது தெரியாமல் கப்பல் போய்விட்டது. கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. வாங்கிச் சாப்பிடத்தான் ஒருவர்கூட அந்தத் தீவில் இல்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தே உயிரை விட்டான். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நம்மிடம் இருக்கிற கதை, இந்த விஷயத்தில் எந்த டிஎம் கையேடும் இதற்குப் பக்கத்தில் வராது.

இன்னொன்று, இது அவசியம், ஆட்டக்காரர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இன்ன நாளில் என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டாம், கொஞ்ச நாள் ஊரை விட்டு வெகுதூரம் போகிற மாதிரி கதை வரலாம், உங்களுக்குச் சரியா என்று முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. ஏனென்றால் சில கேரக்டர்களின் சரக்கே ஊரில்தான் இருக்கிறது. 2014 பதிப்பில் பெரிய வீட்டுப் பிள்ளை என்ற பின்னணியை எடுத்தவருக்கு நாலு பேர் வணங்கி வழிவிடுவதுதான் பலன், மாலுமிக்குக் கப்பலில் இலவசமாக இடம் கிடைப்பதுதான் பலன். நரகத்தில் யார் வழிவிடுவார்கள், எந்தக் கப்பல் வரும்? அதே பதிப்பில் ரேஞ்சர் தனக்குப் பழகிய நிலம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும், கடற்கரை, பாலை, காடு, மலை என்று பட்டியல் இருக்கிறது, அதில் வேறு உலகம் எதுவும் கிடையாது. பாலைவனத்தைத் தேர்ந்தெடுத்த ஒரு பிள்ளையை ஒரு வருஷம் நெருப்புலகத்தில் வைத்துவிட்டு, இதுவும் மணல்தானே என்று சமாதானம் சொன்ன டிஎம்மை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை இப்போது செஸ் விளையாடுகிறாள், நன்றாகவே விளையாடுகிறாள் என்று கேள்வி.

வில்லனும் கூடவே மாட்டிக்கொண்டிருந்தால் கதை இன்னும் சூடு பிடிக்கும், இதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 1983-ல் வந்த ரேவன்லாஃப்ட் என்ற ஆட்டக் கதையில் ஊரைச் சுற்றி மூச்சை அடைக்கும் பனி, யாரும் வெளியேற முடியாது. பின்னால் வந்த பதிப்புகளில் அந்த ஊரை ஆளும் பிரபுவுக்கே அதுதான் சிறை. கைதியும் காவல்காரனும் ஒரே பூட்டுக்குள்.

சரி, கதவு விஷயத்துக்கு வருகிறேன். தப்பிக்க வழியே இருக்கக்கூடாது என்கிறார் உங்கள் கட்டுரைக்காரர். விதிப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். உலகம் விட்டு உலகம் போக நேரான மந்திரம் பிளேன் ஷிஃப்ட், அது ஏழாம் படி, பூசாரியோ மந்திரவாதியோ 13-ஆம் லெவலுக்கு வந்தால்தான் கைக்கு வரும். மந்திரம் போடுபவரோடு இன்னும் எட்டுப் பேர் வரை கைகோத்துக்கொண்டு போகலாம். ஆனால் எந்த உலகத்துக்குப் போகணுமோ அதற்கென்றே சுருதி கூட்டிய கவட்டை மாதிரி உலோகக் கோல் ஒன்று வேண்டும், 250 பொன்னாவது பெறும். கீழ் லெவல் ஆட்களுக்கு இது எட்டாது, ஆகவே மாட்டிவிட்டால் மாட்டியதுதான் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் ஒரு சந்து இருக்கிறது. 2014 பதிப்பில் பேனிஷ்மெண்ட் என்று நாலாம் படி மந்திரம், 7-ஆம் லெவலிலேயே கிடைத்துவிடும், வேற்றுலகப் பிசாசை அதன் ஊருக்கே விரட்டுவதற்காக உள்ளது. போட்டவர் ஒரு நிமிஷம் முழுக்கக் கவனம் கலையாமல் நின்றால் விரட்டப்பட்டது திரும்ப வராது. யட்சக்காட்டில் நின்றுகொண்டிருக்கும்போது வேற்றுலக ஆள் யார்? நாம்தான்.

இதைக் கண்டுபிடித்தது பூசாரியாக விளையாடியவர். எங்களில் ஒருவரையொருவர் விரட்டிக்கொள்ளலாமே என்று அவர் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும், நிறைய டிஎம்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் விலை மட்டும் வைத்தேன். இந்த மந்திரத்துக்கு விரட்டப்படுபவருக்குப் பிடிக்காத பொருள் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் ஒரு வரி உண்டு, பூசாரிகள் சாமிச் சின்னத்தை வைத்துச் சமாளித்துவிடுவார்கள், எங்கள் கூட்டத்தில் அந்தச் சலுகை கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், யாருக்கு என்ன பிடிக்காது என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச்சு. வாத்தியாரின் வீரனுக்கு அவனை மட்டந்தட்டிப் பாடிய பாட்டு எழுதிய ஓலை. ரேஞ்சருக்குச் சீப்பு. அக்காவின் கேரக்டருக்கு என்ன என்றதற்கு யாரும் யோசிக்கவே இல்லை, வராத பாக்கி எழுதிய சீட்டு என்றார்கள் ஒரே குரலில். 8-ஆம் லெவல் பூசாரிக்கு ஒரு நாளைக்கு நாலாம் படி மந்திரம் இரண்டு தடவைதான், ஆகவே இன்றைக்கு இரண்டு பேர், மிச்சம் நாளைக்கு. நடுவில் ஒரு ராத்திரி காவல். தன்னைத்தானே விரட்டிக்கொள்ள முடியாது என்றும் வைத்திருக்கிறோம், ஆக பூசாரி கடைசியில் தனியாக அங்கேயே நிற்க வேண்டும். இது தெரிந்தேதான் அவர் அந்த யோசனையைச் சொன்னார்.

காரணம் இருந்தது. அவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது, அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். கேரக்டரைக் கொன்றுவிடுங்கள் என்று முதலில் சொன்னார். வேண்டாம் தம்பி, அங்கேயே இருக்கட்டும் என்று அக்காதான் தடுத்தார்.

ஆட்டக்காரர் ஒருவர் வெளியூர் போகிறார் என்றால் என்ன செய்வது என்று டிஎம்கள் எல்லாருக்கும் தலைவலிதான், மாட்டிவிடும் உத்திக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியாது. இப்போது அவர் சிங்கப்பூரிலிருந்து எப்போதாவது வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவார், 25 வார்த்தைக்கு மேல் ஒரு வார்த்தை இருக்கக்கூடாது. என் எண்ணுக்குத்தான் வரும், நான் பகடையை உருட்டுவேன், 1 விழுந்தால் மற்றவர்களுக்கு அனுப்ப மாட்டேன். ஒரு முறை நிஜமாகவே 1 விழுந்தது. அவர் அனுப்பியிருந்தது யட்சராணி பற்றிய முக்கியமான எச்சரிக்கை, அது போய்ச் சேரவில்லை என்று அவருக்கும் தெரியாது, இவர்களுக்கும் தெரியாது, தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஊரில் வருஷம் ஓடினாலும் பூசாரிக்கு அங்கே சில வாரங்கள்தான் ஆகியிருக்கும், திரும்பி வந்தால் வாத்தியாரின் பேரனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டியிருக்கும். பாதி கட்டிய கோயிலை ஊர்க்காரர்கள் முடித்து வேறு பூசாரியையும் போட்டுவிட்டார்கள், அது அவருக்குத் தெரியாது. தயவுசெய்து அவர் இந்தக் கடிதத்தைப் படித்துவிடக்கூடாது.

பொங்கலுக்கு லீவில் வருகிறார். அதற்குள் அவரை யட்சக்காட்டிலிருந்து மீட்டாக வேண்டும் என்று மற்ற மூவரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். இவர்களோ இன்னும் 10-ஆம் லெவல், பிளேன் ஷிஃப்டுக்கு வெளியாளைத்தான் பிடிக்கணும். பிடித்தார்கள், வடக்கே ஒரு கிழட்டு மந்திரவாதி, யட்சக்காட்டுக்கான கோல் அவனிடமே இருக்கிறது. பொன் வேண்டாம் என்றுவிட்டான், நெல் மண்டியைத் தன் பேருக்கு எழுதிக் கேட்கிறான். அக்கா பாதிப் பங்கு தருகிறேன் என்று பேரம் பேசுகிறார், தம்பி இன்னும் அந்த மண்டியில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்பதை மந்திரவாதியிடம் சொல்லாமலே. ரேஞ்சர் தோப்பை விற்றுவிடலாம் என்கிறான், எல்லைத் தகராறு தீராத தோப்பை யார் வாங்குவார் என்று வாத்தியார் கேட்கிறார். வருகிற ஞாயிறு இதைப் பேசி முடிக்கவே நேரம் சரியாக இருக்கும், டிராகன் இந்த வாரமும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரைக்குடி